சட்டைப் பைக்குள் மின்சாரம்

அன்றாடம் உடம்போடு கொண்டு திரியும் மின்னணுச் சாமான்களில் செல்போன்தான் நடு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்து சேர்ந்தவை. சார்ஜர், டேட்டா கேபிள், பவர் பேங்க் மூன்றும் அதற்கு மின்சாரம் கொடுக்க. நெக்பேண்ட், இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் அதைப் பையிலிருந்து எடுக்காமலே வேலை முடிக்க. டெம்பர் கிளாஸும் பவுச்சும் அதைக் காப்பாற்ற. சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைக் காலையில் கடந்து போகிறவர்களில் ஒருங்கிணைந்த நீதிமன்றத்துக்கு வரும் வக்கீல், கல்லூரி மாணவி, சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர், ஏற்காட்டுக்கு வண்டி ஏறும் பயணி என்று பல தரப்பினர் உண்டு. யார் பையைத் திறந்தாலும் இந்தப் பட்டியலில் பாதியாவது இருக்கும்.

இருபது வருடத்துக்கு முன்பு இதே ஆட்கள் கைக்கடிகாரம், மணிபர்ஸ், சின்ன டைரி, டார்ச், லைசென்ஸ் அட்டை என்று தனித்தனியாகச் சுமந்தார்கள். அவற்றைச் செல்போன் ஒவ்வொன்றாக விழுங்கியது. 2016இல் யுபிஐ வந்தபின் பர்ஸ் மெலிந்தது. 2018இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்ட பிறகு, டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்சி புத்தகத்தையும் போலீசாரிடம் போனிலேயே காட்டலாம் என்றாயிற்று. ரயில் டிக்கெட்டும் ஆதாரும் அதற்குள் போய்விட்டன. சுமை குறைந்தது உண்மை. ஆனால் முன்பு டார்ச்சின் பேட்டரி தீர்ந்தால் டார்ச் மட்டும்தான் போகும். இப்போது ஒரு பேட்டரி தீர்ந்தால் பணம், லைசென்ஸ், டிக்கெட், வழிகாட்டி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. கூடவே கொண்டு திரியும் துணைச் சாமான்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பயத்துக்காக வாங்கப்பட்டவை.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் போய்வந்த காலத்தில், வீட்டில் இன்வெர்ட்டரும் கையில் பவர் பேங்க்கும் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து இறங்கிவந்தன. இன்று அந்த அளவு மின்வெட்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போகும் நாள் மட்டும் மிச்சம். ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது.

போன், பவர் பேங்க், இயர்பட்ஸ், வாட்ச் ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே இனத்து பேட்டரி: லித்தியம் அயான். 1991இல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் ஓர் உலோக ஆக்சைடு, நடுவே திரவம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து புறப்பட்டு கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. போன் ஓடும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் லித்தியம் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். அதுதான் பேட்டரிக்கு வயதாவது. ‘சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுங்க’ என்று கடைக்காரரிடம் ஒருவர் சொல்லும்போது, உள்ளே போய்வர ஆள் குறைந்துவிட்டது என்று பொருள்.

முழு பேட்டரியின் அளவுக்கு ஏறி இறங்குவதை ஒரு சுற்று என்று கணக்கிடுவார்கள். பாதி ஏற்றிப் பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. பழைய போன்களுக்கு 500 சுற்றுக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது பொதுவான வாக்குறுதியாக இருந்தது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு 800 சுற்று கட்டாயம். ஆனால் இந்த எண்கள் எல்லாம் மிதமான வெப்பநிலையை வைத்துச் சொல்லப்படுபவை. பல கம்பெனிகள் தங்கள் கையேட்டில் போனைப் பயன்படுத்த 35 டிகிரி செல்சியஸை மேல்வரம்பாகக் குறிப்பிடுகின்றன. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரியை ஒட்டி ஓடும். ஆக, கையேடு எழுதியவர் நினைத்திராத ஊரில்தான் இந்த போன்கள் பிழைக்கின்றன.

இதன் உச்சக்கட்டத்தை டெலிவரி இளைஞர்களின் பைக்கில் பார்க்கலாம். ஹேண்டில்பாரில் மாட்டிய ஹோல்டரில் போன், மேலே வெயில், திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, போதாததற்கு வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜும் ஏறுகிறது. சூடு நான்கு பக்கமும் சேர்கிறது. கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். போன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை, அது தன்னைக் காத்துக்கொள்கிறது. நிழலில் நிறுத்தி, கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவுச்சைக் கழற்றினால் போதும். ஃப்ரிட்ஜில் வைப்பது தவறு. உள்ளே ஈரம் கோர்த்துக்கொள்ளும். ஹோல்டரில் வேறொரு தொல்லையும் உண்டு. பெரிய எஞ்சின் பைக்குகளின் அதிர்வு போன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வைத்த ஹோல்டர் சில நூறு ரூபாய் கூடுதல்தான். கேமராவைப் பார்க்கும்போது அது மலிவு.

இரவு முழுக்க சார்ஜில் போட்டால் பேட்டரி ‘ஓவர்’ ஆகிவிடும் என்ற பயம் பழையது. நூறு வந்ததும் போனுக்குள் இருக்கும் மின்சுற்றே மின்சாரத்தை நிறுத்திவிடும். உண்மையான கெடுதல் இரண்டு: தலையணைக்கு அடியில் வைத்துச் சூடேற்றுவது, நூறிலேயே மணிக்கணக்கில் நிறுத்திவைப்பது. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பல போன்களின் செட்டிங்ஸில் இருக்கிறது. வெயில் ஊர்க்காரர்கள் அதைப் போட்டுவைக்கலாம்.

பவர் பேங்க் வாங்கும்போதுதான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. பெட்டியில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாக எழுதியிருக்கும். போனின் பேட்டரி 5,000. ‘ரெண்டு தடவை ஃபுல்லா ஏறும்’ என்று கடையில் சொல்வார்கள். வகுத்துப் பார்த்தால் சரி போலவே இருக்கும். ஆனால் அந்தப் பத்தாயிரம், உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. இரண்டையும் பெருக்கினால் 37 வாட் மணி. இதுதான் உள்ளே உண்மையில் இருக்கும் சரக்கு. கேபிள் வழியாக வெளியே வரும்போது அது 5 அல்லது 9 வோல்ட்டாக மாற வேண்டும். மாறும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். மிஞ்சுவது 31 வாட் மணி அளவுக்கு. போன் பேட்டரி 5,000 என்றால் சுமார் 19 வாட் மணி. போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் வீணாகும். ஆகக் கிடைப்பது ஒன்றரைத் தடவை. நல்ல கம்பெனிகள் பெட்டியின் ஓரத்தில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று சின்ன எழுத்தில் ஆறாயிரத்தை ஒட்டிய ஓர் எண்ணையும் போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அந்தச் சின்ன எண்ணைத்தான்.

வாட் மணிக் கணக்கு விமானத்தில் ஏறும்போதும் வேண்டும். பவர் பேங்க்கை லக்கேஜில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். 100 வாட் மணி வரை தனி அனுமதி வேண்டாம்; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்; அதற்கு மேல் பயணியிடம் அனுமதியே இல்லை. இது உலக அளவிலான விதி. காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலும் இதேதான். 20,000 என்று எழுதியது 74 வாட் மணி, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாவிட்டால் தடுத்து நிறுத்துவார்கள். கைப்பையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், சரக்கு அறையில் தீப்பிடித்தால் ஆளுக்குத் தெரியாது என்பதுதான். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்தபோது, சந்தேகம் மேலடுக்கில் வைத்திருந்த பவர் பேங்க் மீதுதான் விழுந்தது. அதன்பின் அந்த நாடு பவர் பேங்க்கை மேலடுக்கிலும் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி விதி மாற்றியது.

போலியைக் கண்டுபிடிக்க எடை நல்ல துணை. உருளையான 18650 என்ற வகை செல்லின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல் ஏறக்குறைய 45 முதல் 50 கிராம். பெரும்பாலும் 3,500 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கொள்ளாது. பத்தாயிரம் வேண்டுமென்றால் மூன்று செல் தேவை, அதுவே 150 கிராம் போய்விடும். கூடும் தகடும் சேர்த்தால் இருநூறை ஒட்டி வரும். உதட்டுச் சாயக் குப்பி அளவில், நூறு கிராம்கூட இல்லாமல், மேலே 10,000 என்று அச்சடித்திருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கனமாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. மணல் அடைத்து எடை காட்டிய போலிகளும் பிடிபட்டிருக்கின்றன. இந்தியாவில் விற்கும் பவர் பேங்க், போன் சார்ஜர், ஸ்மார்ட் வாட்ச், வயர்லெஸ் இயர்போன் எல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியவை. பொருளின் மேலேயே ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பதிவு எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, என்ன பொருள் என்று காட்டும். சார்ஜர் மீதிருக்கும் எண் வேறு ஏதோ பொருளுடையதாக இருந்தால், அது ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று கடையிலேயே செல்லமாக அழைக்கப்படும் சரக்கு.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கும் திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகும் போர்வெல் ரிக் வண்டி ஆட்களுக்கும் சார்ஜர் விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. லாரியிலும் ரிக்கிலும் 24 வோல்ட். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவான கார் சார்ஜர் சில 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. அதை லாரியில் செருகினால் சார்ஜர் கருகும். துரதிர்ஷ்டம் இருந்தால் போனையும் கூட்டிக்கொண்டு போகும். மேலே ‘12–24 வோல்ட்’ என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜருக்கு இந்தக் கவலை இல்லை; 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் அது சமாளித்துக்கொள்ளும்.

ரயிலில் சார்ஜிங் பாயின்ட் இருந்தாலும் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அதை நிறுத்திவைப்பது தீ விபத்துக்குப் பயந்து ரயில்வே வைத்துள்ள வழக்கம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையிலான தூக்கம் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பொது இடத்தில் யாரோ வைத்த யுஎஸ்பி துளையில் நேராகச் செருகுவது பற்றி ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரிக்கிறது. அதே கம்பி வழியாகத் தகவலும் போகும் என்பதால் திருட வழியுண்டு என்பது அதன் வாதம். இப்படி நடந்ததாக உறுதியான வழக்குகள் அரிது. சொந்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டுகிறவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சார்ஜர்கள் தூரதேசத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய நோக்கியா ஆலையை, பின்லாந்தில் பிறந்த சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொள்வதாக 2019இல் அறிவிப்பு வந்தது. ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. 1965 வரை ஓசூரும் தருமபுரியும் சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தன. நாமக்கல் 1997இல்தான் பிரிந்தது. பழைய ஜில்லாக் கணக்கில் பார்த்தால் சேலத்துக்காரர் பையில் உள்ளூர்ச் சரக்கும் இருக்கிறது.

கேபிள் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதற்கு டைப்-சி ஒரு காரணம். 2014இல் வந்த இந்த முனையில் 24 தொடுபுள்ளிகள் உண்டு. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு இதையே பொது முனையாகக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2023இல் ஐபோன் 15 உடன் இதற்கு மாறிவிட்டது. முனை ஒன்றானாலும் உள்ளே கம்பி ஒன்றல்ல. சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால், ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று சார்ஜரிடம் சொல்லும் சின்னச் சிப் ஒன்று கேபிளின் முனையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் பாதியிலேயே நின்றுகொள்ளும். யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது முறை வோல்ட்டை 9, 15, 20 என்று ஏற்றி வேகமாக்குகிறது. ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்றவை தங்களுக்கென்று வேறு முறை வைத்திருப்பதால், அவற்றின் போன் சொந்தச் சார்ஜரிலும் சொந்தக் கேபிளிலும்தான் முழு வேகத்தில் ஏறும். வீட்டில் மூன்று பேர் மூன்று கம்பெனி போன் வைத்திருந்து சார்ஜரை மாற்றி மாற்றிப் போட்டால், ‘ஸ்லோவா ஏறுது’ என்ற புகார் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு புகார், ‘பின் லூஸ் ஆயிருச்சு’. கேபிளைச் செருகினால் முழுதாக உட்காராது, லேசாகத் தொட்டாலே சார்ஜ் விட்டுவிடும். பத்தில் பல தடவை பின் தேய்ந்திருக்காது. துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கும். பேன்ட் பையின் நூல்தூசி, தறிக்கூடத்தில் வேலை செய்பவர் என்றால் பருத்திப் பஞ்சு, ஒவ்வொரு தடவை கேபிளைச் செருகும்போதும் அடியில் அழுந்தி அழுந்திக் கெட்டியாகிவிடும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியின் நுனியால் ஓரத்தோரமாகக் கிளறினால், சாம்பல் நிறத்தில் நமுத்த தகடுபோல ஒரு துண்டு வெளியே வரும். அதற்குப் பின் கேபிள் ‘டக்’கென்று உட்காரும். ஊசியோ குண்டூசியோ கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கில் உலோகம் பட்டால் பிறகு உண்மையாகவே பின் மாற்ற வேண்டிவரும்.

காதுச் சாமான்களுக்கு வந்தால், ப்ளூடூத் 1994இல் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில் தொடங்கிய வேலை. இது இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அதனால்தான் போன் பின்பாக்கெட்டில் இருந்து, அலை வாங்கும் இயர்பட் எதிர்ப்பக்கக் காதில் இருந்தால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. போனை மேல் பைக்கு மாற்றினால் சரியாகும். இயர்பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி மிகச் சிறியது. இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்ற முடியாது. நெக்பேண்ட் பார்க்க அவ்வளவு நாகரிகமில்லை என்றாலும் பேட்டரி பெரியது, கழன்றாலும் கழுத்திலேயே தொங்கும். பஸ்ஸில் போகிறவருக்கு அதுவே மேல்.

சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம். 100க்கு இருபதே நிமிடம். எஞ்சின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்று டவுன் பஸ்ஸில் வால்யூமை ஏற்றுகிறவர் இந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடுவார். இரைச்சலை அடக்கும் வசதி உள்ள இயர்பட்ஸ், வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி அதற்கு நேர்மாறான அலையை உள்ளே விடுகிறது. எஞ்சின் போன்ற ஒரே சீரான முனகலை நன்றாக அடக்கும். திடீரென்று வரும் ஹாரன் முழுதாக அடங்காது என்றாலும் மங்கும். சாலையில் நடக்கும்போது அந்த மங்கலே ஆபத்து. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவதை 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அபாயகரமாக ஓட்டும் குற்றத்தோடு சேர்த்திருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுவது அதற்குப் பாதுகாப்பும் அல்ல, தீர்வும் அல்ல.

கைக்கடிகாரத்தைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்கு ஒரு சொந்தம் உண்டு. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில்தான் ஆலை போட்டது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதுவே ஒரு நொடி. ஸ்மார்ட் வாட்சின் உள்ளேயும் அதே வேகத்தில் ஒரு படிகம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கூடுதலாக வந்தது அடியில் மினுக்கும் பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும் கணத்தில் மணிக்கட்டில் ரத்தம் கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நாடித்துடிப்பு சொல்லப்படுகிறது. வார் தொளதொளவென்று இருந்தால் எண்ணிக்கை தவறும். அடி எண்ணுவது அசைவை அளக்கும் சிப். குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலும் சில வாட்ச் நடந்ததாகக் கணக்கு எழுதும். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது.

ஆயிரம் ரூபாய் வாட்ச் ஒன்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காட்டுகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையோ இன்சுலினோ அளவு மாற்றுகிறவருக்கு அது உயிர் விஷயம்.

டெம்பர் கிளாஸ் மேல் ‘9எச்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பென்சில் அளவு. ஒன்பதாம் எண் கடினப் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்பதே பொருள். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் கண்ணாடி ஆறை ஒட்டித்தான் நிற்கிறது. சேலத்துக்கு வடக்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல்லான மேக்னசைட் நாலரைக்கு மேல் போகாது. அதன் தூசு எவ்வளவு படிந்தாலும் திரையைக் கீறாது. கீறுவது சாதாரண ஆற்று மணல். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் ஏழு. பேன்ட் பையின் மூலையில் தங்கிய நாலு மணல் துகள் சாவிக்கொத்தைவிட அதிகச் சேதம் செய்யும். சாவியின் பித்தளையோ இரும்போ பெரும்பாலும் கண்ணாடியைவிட மென்மையானது. கிளாஸ் ஒட்டுவதற்கு முன் கடைக்காரர் பசை நாடாவால் தூசியை ஒற்றி ஒற்றி எடுப்பது குமிழி வராமலிருக்க மட்டுமல்ல என்று இதிலிருந்து புரியும்.

நீதிமன்றத்தையும் கலெக்டர் அலுவலகத்தையும் சுற்றி வேலை பார்ப்பவர்களின் சாவிக்கொத்தில் பென் டிரைவ் போலவே இன்னொன்று தொங்கும்: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். வக்கீல், ஆடிட்டர், டெண்டர் போடும் கான்ட்ராக்டர் எல்லாரும் வைத்திருப்பார்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இதன் கையெழுத்து மையால் போட்ட கையெழுத்துக்குச் சமம். ரகசியச் சாவி டோக்கனை விட்டு வெளியே வரவே வராது. கணக்கீடு உள்ளேயே நடந்து கையெழுத்து மட்டும் வெளியே வரும். இவ்வளவு பத்திரமான பொருளை, பின் நம்பரையும் மேலே ஒட்டி, ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் விட்டுவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை விட்டுவைப்பது போலத்தான்.

சில வாசல்களில் இவை எதுவும் நுழைய முடியாது. அஸ்தம்பட்டி மத்திய சிறையில் மனு கொடுத்துக் கைதியைப் பார்க்கப் போகிறவர் போனை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கான அறிவுரையில் செல்போன், கால்குலேட்டரோடு, நினைவகம் உள்ள கடிகாரமும் மோதிரமும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஸ்மார்ட் மோதிரம் கடைக்கு வந்துவிட்ட இந்நாளில் அந்த வரி பொருத்தமாகவே இருக்கிறது.

போன் தொலைந்தால் செய்ய வேண்டியதை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. *#06# என்று அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். போனிலேயே சேமித்தால் பயனில்லை. தொலைந்ததும் போலீசில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் புகார் நகலோடு பதிந்தால், அந்தக் கருவி இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாமல் முடக்கப்படும். 2023 மே மாதத்திலிருந்து இந்த வசதி நாடு முழுக்க இருக்கிறது. திரும்பக் கிடைத்தால் அதே இடத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். யுபிஐ கணக்கை நிறுத்த வங்கிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கடைசியில் எல்லாச் சாமானும் வந்து சேரும் இடம் வீட்டு அலமாரியின் ஒரு டப்பா. அதில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது உப்பிய பேட்டரி. உள்ளே திரவம் சிதைந்து வாயு சேர்வதால் போனின் பின்மூடி தூக்கும், பவர் பேங்க்கின் பக்கச்சுவர் புடைக்கும். அதைச் சார்ஜில் போடக் கூடாது, அழுத்தவோ, காற்றை வெளியேற்றலாம் என்று குத்தவோ கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். எரியும் பொருள் இல்லாத இடத்தில், ஓட்டுத் துண்டின் மேலோ மணல் போட்ட மண்சட்டியிலோ வைத்துவிட்டுச் சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளும் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் இடம் சொல்வார்கள். குப்பை வண்டியில் போட்டால் அது நசுக்கும் இயந்திரத்துக்குள் போகும், அல்லது கிடங்கில் மற்ற குப்பைக்கு நடுவே கிடந்து என்றாவது ஒருநாள் பற்றிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் தொடுமுனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட வேண்டும். செத்ததாக நினைக்கும் பேட்டரியில்கூடப் பொறி பறக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.